ஒரே செப்டம்பருக்கு இரண்டு மின்கட்டண பில், கூடவே 160 வெள்ளி

கேள்வி: சிங்கப்பூர் உட்லண்ட்ஸில் நான்கறை வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டில் இருக்கிறோம். பழைய மின்விற்பனை நிறுவனத்துடன் செய்திருந்த 24 மாத ஒப்பந்தம் செப்டம்பர் 15 அன்று முடிய வேண்டியது. கடைத்தொகுதியில் போட்டிருந்த சாவடியில் வேறொரு நிறுவனத்திடம் பதிந்தோம். செப்டம்பர் 16 முதல் வேண்டும் என்றும் சொன்னோம். இப்போது பழைய நிறுவனம் ஆகஸ்ட் 16 முதல் செப்டம்பர் 15 வரை 403 யூனிட்டுக்கு 114.86 வெள்ளி கேட்கிறது. ஒப்பந்தம் முடியும் முன்பே விலகிவிட்டோமாம், அதற்குத் தனியாக 160 வெள்ளி. புதிய நிறுவனம் செப்டம்பர் 1 முதல் 30 வரை 390 யூனிட்டுக்கு 106.08 வெள்ளி போட்டிருக்கிறது. இரண்டுமே அடுத்த வாரம் ஜைரோவில், அதாவது வங்கிக் கணக்கிலிருந்து தானாகவே, போய்விடும். எஸ்பி குழுமத்தின் பில்லில் தண்ணீர், எரிவாயு, குப்பைக் கட்டணம் மட்டும்தான் இருக்கிறது, மின்சாரம் இல்லை. பள்ளி விடுமுறை வாரத்தில் ஒரு வாரம் பினாங்கு வேறு போயிருந்தோம். இருவரையும் அழைத்துக் கேட்டால் ஒருவர் மற்றவரைக் கைகாட்டுகிறார். கணக்கு என் கணவர் பெயரில் இருக்கிறது. எதைக் கட்டுவது, எதை மறுப்பது?
— உட்லண்ட்ஸ் வாசகி

பதில்: உங்கள் இரண்டு பில்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், பழைய நிறுவனத்தின் கோரிக்கை தன்னையே மறுப்பது தெரியும். செப்டம்பர் 15 வரை மின்சாரம் விற்றதாகச் சொல்லி 403 யூனிட்டுக்குப் பணம் கேட்கிறார்கள். அதே கையோடு, 15ஆம் தேதிக்கு முன்பே விலகிவிட்டீர்கள் என்று 160 வெள்ளியும் கேட்கிறார்கள். இரண்டில் ஒன்றுதான் உண்மையாக இருக்க முடியும். நீங்கள் விலகியிருந்தால் செப்டம்பரில் அவர்கள் உங்களுக்கு விற்கவில்லை. விற்றிருந்தால் நீங்கள் விலகவில்லை. எது உண்மை என்பதை அவர்களும் சொல்ல வேண்டாம், புதிய நிறுவனமும் சொல்ல வேண்டாம். எஸ்பி குழுமத்தின் பதிவில் உள்ள மாற்றத் தேதி சொல்லும்.

மின்சாரத்தை யாரிடம் வாங்குவது என்று வீட்டாரே தேர்ந்தெடுக்கும் திறந்த மின்சாரச் சந்தை 2018 ஏப்ரலில் ஜூரோங்கில் முதலில் தொடங்கி, அந்த நவம்பரிலிருந்து 2019 மே வரை வட்டாரம் வட்டாரமாகத் தீவு முழுவதற்கும் வந்தது. விற்பவர் மாறினாலும் கம்பி, மீட்டர், மீட்டர் ரீடிங் எல்லாம் எஸ்பி வசமே இருக்கின்றன. புதிய நிறுவனம் உங்கள் சார்பில் எஸ்பிக்கு மாற்றக் கோரிக்கை அனுப்பும். எஸ்பி ஒரு தேதியைக் குறித்து அன்றிலிருந்து உங்கள் கணக்கைப் புதியவர் பெயருக்கு மாற்றும். ஒரு கணக்குக்கு ஒரு நாளில் ஒரே ஒரு விற்பனையாளர்தான். எனவே செப்டம்பர் 1 முதல் 15 வரை இரண்டு பேர் பணம் கேட்கிறார்கள் என்றால் ஒருவர் கேட்பது தவறு. எஸ்பி பில்லில் மின்சாரம் இல்லாததைப் பற்றிக் கவலை வேண்டாம். விற்பனை நிறுவனம் தானே பில் அனுப்பும்போது அப்படித்தான் இருக்கும். அங்கும் மின்சாரத்துக்கு ஒரு தொகை போட்டிருந்தால்தான் மூன்றாவது சிக்கல்.

முதலில் இரண்டே நிமிட வேலை ஒன்று. பெரும்பாலான வீவக புளோக்குகளில் மின்மீட்டர் வீட்டுக்கு வெளியே தாழ்வாரத்தில்தான் இருக்கும். அதன் முகப்பில் அச்சிட்ட மீட்டர் எண்ணைக் கைப்பேசியில் படம் எடுங்கள். ரீடிங்கும் அதே படத்தில் தெரியட்டும். பழைய சுழல் எண் மீட்டர் என்றால் சிவப்புக் கட்டத்தில் உள்ள கடைசி இலக்கத்தை விட்டுவிட்டு இடமிருந்து வலமாகப் படிக்க வேண்டும். அதையும் சேர்த்துப் படித்துவிட்டு, மீட்டர் பத்து மடங்கு ஓடுகிறது என்று பதறுபவர்கள் நிறைய. பிறகு புதிய நிறுவனத்தின் பில்லையும் வரவேற்பு மின்னஞ்சலையும் எடுத்து, எஸ்பி கணக்கு எண், வீட்டு எண், மீட்டர் எண் மூன்றும் உங்களுடையவைதானா என்று ஒவ்வொரு இலக்கமாகச் சரிபாருங்கள். சாவடியில் அவசரத்தில் கையால் எழுதிய படிவத்தில் ஓர் இலக்கம் மாறினால், அடுத்த வீட்டுக் கணக்கு உங்கள் பெயரில் மாறிவிடும். அப்படியானால் இது தேதித் தகராறே அல்ல. பக்கத்து வீட்டுக்காரரின் மின்சாரத்துக்கு உங்களிடம் பில் வருகிறது என்று அர்த்தம். மேற்கொண்டு எதுவும் கணக்குப் போடாமல் எஸ்பியிடமும் புதிய நிறுவனத்திடமும் அன்றே எழுத்தில் சொல்லிவிடுங்கள்.

எண்கள் பொருந்துகின்றன என்றே வைத்துக்கொள்வோம். அடுத்து எஸ்பியிடம் கேட்க வேண்டியவை மூன்று: கணக்கு எந்தத் தேதியில் புதிய நிறுவனத்துக்கு மாறியது, அந்தத் தேதியில் பதிவான ரீடிங் என்ன, அது நேரில் பார்த்து எடுத்ததா, மதிப்பீடா. தொலைபேசியில் விவரம் கிடைத்தாலும் மின்னஞ்சலில் ஒரு வரி கேட்டு வாங்குங்கள். கணக்கு கணவர் பெயரில் இருப்பதால் அவரே கேட்க வேண்டும், அல்லது உங்களுக்கு அனுமதி தந்து அவர் எழுத வேண்டும். இல்லையென்றால் எஸ்பியும் சரி, இரு நிறுவனங்களும் சரி, தனிப்பட்ட விவரம் என்று சொல்லி உங்களிடம் வாயே திறக்க மாட்டார்கள். நீங்கள் இதுவரை அலைக்கழிக்கப்பட்டதில் பாதி இதனாலாக இருக்கலாம்.

பதில் வருவதற்குள் நீங்களே ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஆகஸ்ட் 16 முதல் செப்டம்பர் 30 வரை 46 நாள். இரண்டு பில்லிலும் உள்ள யூனிட்டைக் கூட்டினால் 793. அதாவது நாளுக்கு 17 யூனிட்டுக்கு மேல். ஆனால் தனித்தனியாகப் பார்த்தால் இரண்டு பில்லுமே நாளுக்குச் சரியாக 13 யூனிட். உங்கள் வீட்டின் வழக்கம் 13 என்றால் 46 நாளுக்கு 598 யூனிட்தான் வரும். மீதி 195, அதாவது 15 நாள் × 13, இரண்டு முறை எண்ணப்பட்டிருக்கிறது.

இதை உறுதிப்படுத்த ரீடிங்கைப் பாருங்கள். பழைய நிறுவனத்தின் முடிவு ரீடிங்கும் புதிய நிறுவனத்தின் தொடக்க ரீடிங்கும் ஒரே எண்ணாக இருந்தால், தேதிகள் எப்படி அச்சாகியிருந்தாலும் ஒரு யூனிட்கூட இரட்டிப்பாகவில்லை. பில் தேதியையும் பயன்பாட்டுக் காலத்தையும் குழப்பிக்கொண்டு சண்டைக்குப் போகிறவர்கள் இங்கேதான் சறுக்குகிறார்கள். புதியவரின் தொடக்க எண் பழையவரின் முடிவு எண்ணைவிடக் குறைவாக இருந்தால், அந்த இடைவெளிதான் நீங்கள் இரண்டு முறை கட்டச் சொல்லப்படும் யூனிட். ரீடிங் அச்சிடாத பில் என்றால் கேட்டு வாங்குங்கள்.

இனிப் பணக் கணக்கு. உங்கள் பில்களிலிருந்து வகுத்துப் பார்த்தால் பழையவர் விலை யூனிட்டுக்கு 28.50 காசு, புதியவர் விலை 27.20 காசு. இரண்டும் 9 விழுக்காடு பொருள் சேவை வரியையும் சேர்த்த விலையா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். ஒன்று வரியுடனும் மற்றது வரியில்லாமலும் இருந்தால் ஒப்பிட முடியாது.

எஸ்பி சொல்லும் மாற்றத் தேதி செப்டம்பர் 1 என்றால், பழையவருக்கு உரியது ஆகஸ்ட் 16 முதல் 31 வரை 16 நாள்: 208 யூனிட், 59.28 வெள்ளி. அவர் 55.58 வெள்ளியை விட்டுக்கொடுக்க வேண்டும். புதியவருக்கு முழு 106.08. மின்சாரத்துக்கு மொத்தம் 165.36 வெள்ளி.

மாற்றத் தேதி செப்டம்பர் 16 என்றால், பழையவரின் 114.86 சரி. புதியவர் 15 நாளுக்கு மட்டும், 195 யூனிட்டுக்கு 53.04 வெள்ளி வாங்கலாம். மொத்தம் 167.90. ஒப்பந்தம் முழுதாக முடிந்துவிட்டதால் 160 வெள்ளிக்கு இடமே இல்லை.

இரண்டுக்கும் வித்தியாசம் 2 வெள்ளி 54 காசு! உங்களிடம் கேட்கப்படுவதோ 380.94 வெள்ளி. ஆகவே எந்த 15 நாள் யாருடையது என்ற வாக்குவாதத்தில் உங்கள் நேரத்தைச் செலவிடாதீர்கள், அதை எஸ்பியின் ஒரு வரி தீர்த்துவிடும். உண்மையில் போராட வேண்டியது 160 வெள்ளிக்கு.

அதற்கு முன் பினாங்குப் பயணம் பற்றி ஒரு வார்த்தை. நாள் கணக்கில் பிரிப்பது வசதியான தோராயம், அவ்வளவுதான். செப்டம்பர் முதல் வாரம் வீடு பூட்டியிருந்து, குளிர்பதனப் பெட்டி போன்றவை மட்டும் நாளுக்கு 3 யூனிட் எடுத்ததாகக் கொள்வோம். பழையவரின் 403 நேரில் எடுத்த ரீடிங் என்றால், மீதி 24 நாளில் நீங்கள் நாளுக்கு ஏறக்குறைய 16 யூனிட் செலவழித்திருக்கிறீர்கள். அப்போது செப்டம்பர் 1 முதல் 15 வரைக்கு உரியது 195 அல்ல, சுமார் 148 யூனிட். திரும்ப வருவது சுமார் 42 வெள்ளி. உங்களுக்குச் சாதகமில்லாத கணக்குதான், ஆனால் மாற்றத் தேதியில் எடுத்த உண்மையான ரீடிங் இருந்தால் அதையே ஏற்றுக்கொள்ளுங்கள். இன்னொரு கோணமும் உண்டு: ஒரு வாரம் பூட்டிக் கிடந்த செப்டம்பருக்கும் புதியவர் பில் அச்சு அசலாக நாளுக்கு 13 யூனிட் காட்டுகிறது. அது மதிப்பீட்டு பில்லாக இருக்க வாய்ப்பு அதிகம். பழைய வகை மீட்டரை எஸ்பி இரண்டு மாதத்துக்கு ஒருமுறைதான் நேரில் படிக்கிறது; இடைப்பட்ட மாதத்தில் மதிப்பீடு. எஸ்பி செயலியில் நீங்களே ரீடிங் அனுப்பலாம். எந்தத் தேதிகளுக்குள் என்பது பில்லில் இருக்கும். உங்கள் வீட்டில் புதிய நவீன மீட்டர் பொருத்தியிருந்தால் வேலை இன்னும் சுலபம். அது அரை மணிக்கு ஒருமுறை பதிவு செய்வதால், எந்த நாளில் எத்தனை யூனிட் என்பதில் தகராறுக்கே இடமில்லை.

160 வெள்ளி விஷயத்தில் எல்லாம் ஒரு தாளில் இருக்கிறது: புதிய நிறுவனத்திடம் நீங்கள் கையெழுத்திட்ட படிவமும் அதற்கு வந்த உறுதி மின்னஞ்சலும். தொடங்கும் தேதி என்ற இடத்தில் என்ன எழுதியிருக்கிறது?

செப்டம்பர் 16 என்று இருந்து, கணக்கு 1ஆம் தேதியே மாறியிருந்தால் தவறு புதிய நிறுவனத்துடையது. நடந்துமுடிந்த மாற்றத்தைப் பின்தேதியிட்டுத் திருத்தச் சொல்லி மல்லுக்கு நிற்க வேண்டாம். அது இழுத்துக்கொண்டே போகும். அவர்கள் அவசரப்பட்டதால் உங்களுக்கு வந்த செலவு 160 வெள்ளி. அதை அவர்களே ஏற்க வேண்டும் என்று கேளுங்கள். பில்லில் கழித்தாலும் சரி, கையில் கொடுத்தாலும் சரி.

அந்த இடம் வெறுமையாக இருந்தாலோ, ‘கூடிய விரைவில்’ என்று இருந்தாலோ உங்கள் நிலை பலவீனம். வாயால் 16 என்று சொன்னோம் என்பதை நிரூபிப்பது கடினம். சாவடி ஊழியருடன் வாட்ஸ்அப்பில் பேசியிருந்தால் அதைத் தேடி எடுங்கள். இதுபோன்ற வழக்கில் கைகொடுப்பது பெரும்பாலும் அதுதான். அது இல்லாத நிலையிலும் பழைய நிறுவனத்திடம் ஒரு கேள்வி மிச்சமிருக்கிறது: 160 வெள்ளி எப்படி வந்தது? ஒப்பந்தத்தோடு தந்த ஃபேக்ட் ஷீட்டில் விலை, காலம், முன்பணம், முன்கூட்டியே விலகும் கட்டணம் எல்லாம் இருக்கும். அந்தக் கட்டணம் எப்போது விலகினாலும் ஒரே தொகையா, மீதமுள்ள காலத்துக்கு ஏற்பக் குறைவதா என்று பாருங்கள். மீதமிருந்தது 15 நாள். உதாரணத்துக்கு, மீதிக் காலப் பயன்பாட்டின் மதிப்பில் 30 விழுக்காடு என்று ஒப்பந்தம் சொன்னால், 55.58 வெள்ளியில் 30 விழுக்காடு, அதாவது 16 வெள்ளி 67 காசுதான் வரும். ஒரே தொகை என்றிருந்தால், இரண்டு ஆண்டு ஒழுங்காகக் கட்டிய வாடிக்கையாளருக்குக் கடைசி இரண்டு வாரத்துக்காக இதைத் தள்ளுபடி செய்யும்படி கேட்பதில் தவறில்லை.

ஜைரோவை என்ன செய்வது? ரத்து செய்துவிடலாம் என்று தோன்றும். அதைச் செய்யாதீர்கள். சில வங்கிகளில் உச்ச வரம்பு வைக்க முடியும். ஆனால் பில் வரம்பைத் தாண்டினால் வரம்பளவுக்குப் பிடிக்காமல், முழுத் தொகையும் திரும்பிவிடும். பிறகு தாமதக் கட்டணம் சேரும், உங்கள் நியாயம் மங்கிப்போகும். அதற்குப் பதில், பிடித்தம் செய்யும் நாளுக்கு முன்பே பழைய நிறுவனத்துக்கு எழுதுங்கள்: தகராறு தீரும் வரை இந்த பில்லை ஜைரோவிலிருந்து நிறுத்திவையுங்கள், மறுப்பில்லாத 59.28 வெள்ளியை இன்றே தனியாகச் செலுத்துகிறேன் என்று. எழுதிய அன்றே செலுத்தவும் செய்யுங்கள். எஸ்பி எந்தத் தேதியைச் சொன்னாலும் அந்த 59.28 நீங்கள் தர வேண்டிய பணம்தான். புதிய நிறுவனத்தின் 106.08 போகட்டும், இனி மாதாமாதம் பில் வரப்போகும் கணக்கு அது, கூடுதலாகப் போனால் அடுத்த பில்லில் கழியும்.

இந்தச் சச்சரவால் விளக்கு அணைந்துவிடுமோ என்று பயப்படத் தேவையில்லை. விற்பனை நிறுவனத்துடன் உறவு முறிந்தால் கணக்கு எஸ்பிக்குத் திரும்பி, மூன்று மாதத்துக்கு ஒருமுறை மாற்றியமைக்கப்படும் நெறிமுறைக் கட்டணத்தில் மின்சாரம் தொடரும். 2021 பிற்பகுதியில் சில நிறுவனங்கள் சந்தையை விட்டு வெளியேறியபோதும் அவற்றின் வாடிக்கையாளர்கள் அப்படித்தான் எஸ்பிக்கு மாற்றப்பட்டார்கள், மின்சாரம் தடைபடாமல்.

மின்னஞ்சல் ஒன்றாகவே இருக்கட்டும். பழையவர், புதியவர் இருவர் பெயரும் பெறுநர் இடத்தில் இருந்தால் கைகாட்டும் விளையாட்டு அத்தோடு நின்றுவிடும். அதில் கதை வேண்டாம். எஸ்பி கணக்கு எண், மீட்டர் எண், எஸ்பி உறுதிசெய்த மாற்றத் தேதி, அன்றைய ரீடிங், இரண்டு பில்லின் எண்களும் காலமும், இரட்டிப்பான யூனிட், நீங்கள் கேட்கும் தொகை, பதில் தர வேண்டிய தேதி. பழையவரிடம் கேட்கும் வாக்கியம் இப்படி இருக்கலாம்: ‘எங்கள் கணக்கு செப்டம்பர் 1 அன்று மாறிவிட்டது என்பதை ஏற்றுத்தான் விலகல் கட்டணம் விதித்திருக்கிறீர்கள். அப்படியானால் அன்று முதல் 15ஆம் தேதி வரை எங்களுக்கு மின்சாரம் விற்றதாகப் போட்ட பகுதியை நீக்கித் திருத்திய பில் அனுப்புங்கள். இல்லை, 15 வரை விற்றது நீங்கள்தான் என்றால் விலகல் கட்டணத்தை நீக்குங்கள்.’ படிவம், உறுதி மின்னஞ்சல், மீட்டர் படம், எஸ்பியின் பதில் நான்கையும் இணையுங்கள். பதிலுக்குப் பத்து வேலைநாள் கொடுப்பது நியாயம்.

பதில் வரவில்லை, அல்லது மழுப்பலாக வருகிறது என்றால் எரிசக்திச் சந்தை ஆணையத்துக்கு அதே மின்னஞ்சல் தொடரை அனுப்புங்கள். விற்பனை நிறுவனங்களுக்கு உரிமம் தருவதும் நடத்தை விதி வகுத்திருப்பதும் அந்த ஆணையம்தான். தவறான தேதியில் கணக்கை மாற்றியது, தவறான பில் போட்டது ஆகியவை அவர்கள் காதில் விழ வேண்டியவை. ஆனால் 160 வெள்ளி யார் தருவது என்று தீர்ப்புச் சொல்லும் மன்றமாக அதை எதிர்பார்க்காதீர்கள். பயனீட்டாளர் சங்கம் உங்கள் சார்பில் நிறுவனத்துடன் பேசும். அதற்கும் மசியாவிட்டால் சிறு கோரிக்கைகள் நடுவர் மன்றம் இருக்கிறது. 20,000 வெள்ளி வரையிலான கோரிக்கைகளை அது விசாரிக்கும். சம்பவம் நடந்து இரண்டு ஆண்டுக்குள் போக வேண்டும். 5,000 வெள்ளிக்கு மேற்படாத கோரிக்கைக்குப் பயனீட்டாளர் கட்ட வேண்டியது 10 வெள்ளி. சிங்பாஸ் வழியாக இணையத்திலேயே பதியலாம், வழக்கறிஞர் வைக்க அனுமதியில்லை. மனுவும் கணவர் பெயரில்தான் போக வேண்டும். அவ்வளவு தூரம் போகாது என்பதே என் கணிப்பு. மேலே சொன்ன வாக்கியத்துக்கு நேர்மையான பதில் ஒன்றுதான் இருக்க முடியும்.

பணம் திரும்பும்போது இரண்டு விஷயத்தில் கவனம். பழைய நிறுவனத்துடன் உங்கள் கணக்கு முடிந்துவிட்டது. ‘அடுத்த பில்லில் வரவு வைக்கிறோம்’ என்றால் அடுத்த பில் என்பதே கிடையாது. வங்கிக் கணக்குக்கோ பேநவ் வழியாகவோ திருப்பித் தரச் சொல்லுங்கள். தொடக்கத்தில் முன்பணம் கட்டியிருந்தால், அது கடைசி பில்லில் கழிக்கப்பட்டதா, திரும்ப வர வேண்டுமா என்பதையும் அதே மின்னஞ்சலில் கேட்டுவிடுங்கள். அடுத்து, அரசாங்கம் தரும் யு-சேவ் தள்ளுபடி ஜனவரி, ஏப்ரல், ஜூலை, அக்டோபர் மாதங்களில் வரவாகும். அக்டோபரில் நீங்கள் கட்ட வேண்டிய தொகை திடீரென்று குறைந்திருந்தால், தகராறு தீர்ந்து பணம் வந்துவிட்டது என்று நினைத்துவிடாதீர்கள். எந்த வரியில், எந்தப் பெயரில் கழிக்கப்பட்டிருக்கிறது என்று படித்துப் பாருங்கள். யு-சேவ் என்று இருந்தால் அது உங்களுக்கு எப்படியும் வர வேண்டிய பணம். நிறுவனம் தர வேண்டியது அப்படியே பாக்கி நிற்கிறது.